கார்ல் பீட்டர் துன்பெர்க்

கார்ல் பீட்டர் துன்பெர்க் (நவம்பர் 11, 1743 – ஆகஸ்ட் 8, 1828) சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரும் மருத்துவரும் ஆவார். லின்னேயசின் மாணவரான இவர், ஜப்பானியத் தாவரங்களை லின்னேயசின் முறைப்படி வகைப்படுத்தினார். இவர் இட்ட பெயர்கள் எந்தெந்தச் செடிகளைக் குறிக்கின்றன என்பதற்கு இவர் உலர்த்திச் சேர்த்த தாவர மாதிரிகளே இன்றும் சான்றாக உள்ளன.

இளமை

யோன்ஷோப்பிங் நகரில் பிறந்த துன்பெர்க், உப்சாலா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அக்காலத்தில் ஐரோப்பியருள் டச்சுக்காரர்கள் மட்டுமே ஜப்பானில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். ஆகவே 1772 முதல் 1775 வரை தென்னாப்பிரிக்காவின் டச்சுக் குடியேற்றத்தில் தங்கி, டச்சு மொழியைக் கற்றதுடன் தாவரங்களையும் சேகரித்தார்.

ஜப்பானில்

1775 ஆகஸ்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக நாகசாகியை அடைந்தார். அங்கு தெசிமா என்னும் சிறிய செயற்கைத் தீவை விட்டு அனுமதியின்றி வெளியேற இயலாது. எனவே கால்நடைகளுக்குக் கொண்டுவரப்பட்ட தீவனத்திலிருந்து செடிகளைப் பொறுக்கியெடுத்து உலர்த்தினார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு மருத்துவம் கற்பித்து, அவர்கள் வாயிலாகவும் செடிகளைப் பெற்றார். 1776 இல் தூதுக்குழுவுடன் எதோ (இன்றைய தோக்கியோ) நகருக்குச் சென்றபோது ஹாக்கோனே மலைப்பகுதியிலும் தாவரங்களைச் சேகரித்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானை விட்டுப் புறப்பட்டார். 1777–1778 காலப்பகுதியில் இலங்கையில் தங்கிய பின், 1779 இல் தாயகம் திரும்பினார்.

நூலும் பெயர்மாற்றமும்

1784 இல் உப்சாலாவில் பேராசிரியரானார். அதே ஆண்டு இவரது 'ஃபுளோரா ஜப்போனிக்கா' நூல் வெளிவந்தது. அதில் ஜப்பானிய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் புதர்ச்செடி ஒன்றுக்கு வைபர்னம் செராட்டம் எனப் பெயரிட்டார். ரம்பப் பல் போன்ற இலை விளிம்பை இப்பெயர் சுட்டுகிறது. வைபர்னம் பேரினத்தின் சில செடிகளைப் போலவே இதன் பூங்கொத்தின் ஓரத்திலும் பெரிய மலட்டுப் பூக்கள் உள்ளன. ஆனால் வைபர்னத்தின் கனி ஒற்றை விதையுடைய சதைக்கனி. இப்புதரின் கனியோ நுண்விதைகள் பல கொண்ட உலர்கனி. 1830 இல் செரெஞ் என்பவர் இதை ஹைட்ரேஞ்சியா பேரினத்திற்கு மாற்றினார். அதனால் இன்று இது ஹைட்ரேஞ்சியா செராட்டா எனப்படுகிறது. பேரினம் மாறியபோதும், பெயரிடல் விதிப்படி துன்பெர்க் இட்ட இனப்பெயர் நீடிக்கிறது.

மாதிரிகள்

27,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட இவரது தொகுப்பு உப்சாலா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மாதிரித் தாள்கள் பலவற்றில் சேகரித்த இடமோ நாளோ குறிக்கப்படவில்லை. ஆதலால் ஒரு செடி காட்டில் கிடைத்ததா, தோட்டத்தில் கிடைத்ததா என்பதை அவற்றிலிருந்து அறிதல் கடினம். ஆயினும் பெயருக்குரிய செடி எது என்னும் ஐயம் எழும்போது ஆய்வாளர்கள் இத்தாள்களையே நாடுகின்றனர்.

துன்பெர்ஜியா என்னும் தாவரப் பேரினம் இவர் பெயரால் வழங்குகிறது.