ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீனார்

ஒழுக்கம் தவறிய குரு கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரு கூறாகப் பிளந்து வைத்திருந்த கேள்வி இது. இதற்கு அறிவார்ந்த விடை கண்டவர் புனித அகுஸ்தீனார்.

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354-ம் ஆண்டு அவர் பிறந்தார். தாயார் மோனிக்கா அம்மையார் பக்தி மிக்கவர். மகனோ மனம் போனபடி வாழ்ந்தார். மணம் புரியாமலே ஒரு பெண்ணுடன் குடும்பம் நடத்தி ஒரு மகனையும் பெற்றார். மானி என்பவரின் மதத்தில் பல ஆண்டுகள் சேர்ந்திருந்தார். ஆனால் அன்னையின் கண்ணீர் வீண்போகவில்லை. 387-ல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். தாயகம் திரும்பி 391-ல் ஹிப்போ நகரில் குருவானார். சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயருமானார்.

அங்கே அவரை எதிர்நோக்கி நின்றது தொனாத்துஸ் பிரிவினரின் பிணக்கு. 303-ல் ரோமச் சக்கரவர்த்தி தியோக்ளேசியன் வேதநூல்களைக் கொளுத்த உத்தரவிட்டபோது, உயிருக்கு அஞ்சிச் சில குருமார் நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்து விட்டனர். பின்னர் செசிலியான் கார்த்தேஜ் நகரின் ஆயரானபோது, அவருக்குப் பட்டம் அளித்தவர் அத்தகைய துரோகி என்று கூறி ஒரு சாரார் தனி ஆயரை அமர்த்திக் கொண்டனர். 315-ல் நடந்த விசாரணையில் அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்தும் பிளவு நீங்கவில்லை. தங்களிடம் வந்து சேர்ந்தோருக்கு அவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்து வந்தனர்.

அருளைத் தருபவர் கிறிஸ்துவே, குரு வெறும் கருவி என்பது அகுஸ்தீனாரின் வாதம். கல் வாய்க்காலில் ஓடும் நீர் கல்லில் ஒன்றையும் விளைவிப்பதில்லை. பாத்தியை அடைந்ததும் பயிர் தழைக்கிறது என்று விளக்கினார். கெட்ட குருவுக்கு அது நற்சான்று அல்ல. அவன் பாவம் அவனையே சேரும். பிறர் உள்ளத்தை யார் அறிவார்? குருவின் யோக்கியதையை நம்பித்தான் அருள் என்றால், பாமர மக்களுக்கு நிம்மதி ஏது?

எதிர்த்தரப்பு ஆயர் பெத்திலியன் அவருடைய பழைய வாழ்க்கையைக் கிளறி ஏசினார். தாம் கெட்டவராகவே இருந்தாலும் தம் கட்சி தோற்காது என்பதே அகுஸ்தீனாரின் பதில். அவரைத் தாக்க முரடர்கள் வழிமறித்துக் காத்திருந்ததும் உண்டு. வழிகாட்டி பாதை தவறியதால் தப்பினார்!

411-ல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் 280-க்கு மேற்பட்ட ஆயர்கள் கூடி வாதிட்டனர். அரசப் பிரதிநிதி மார்செல்லினுஸ் அகுஸ்தீனார் தரப்புக்கே தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு எதிர்த்தரப்பினர்மீது அபராதமும் பறிமுதலும் பாய்ந்தன. நம்பிக்கையில் பலாத்காரம் கூடாது என்று முதலில் கருதிய அகுஸ்தீனார், பின்னர் அரசின் கெடுபிடியை ஆதரித்தது வருந்தத்தக்கதே. அப்படியும் அந்தப் பிரிவு அடியோடு அழியவில்லை.

430-ல் வாண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் நோயில் விழுந்தார். தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுத்தபடியே படித்துக் கண்ணீர் வடித்தார். ஆகஸ்டு 28-ந் தேதி உயிர் பிரிந்தது.