பெட்-சிடி ஸ்கேன் படம் துல்லியமாக வருவது எப்படி? கணக்கால் வழிகாட்டிய தமிழர் ஜி.என்.ராமச்சந்திரன்... யார் இவர்?

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயாளிகளுக்கு இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் பழக்கம். காரப்பேட்டையில் இருக்கும் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனைதான் அது. காஞ்சியில் பிறந்து, 1969-ல் புற்றுநோயால் மறைந்த முன்னாள் முதலமைச்சர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புற்றுநோய் சிகிச்சையில் இன்று அடிக்கடி காதில் விழும் பெயர் பெட்-சிடி ஸ்கேன். ஒரே மெஷினில் இரண்டு ஸ்கேன். இந்த மாதிரி ஸ்கேன்களில் படம் மங்காமல், தெளிவாக வருவதற்கான கணக்கு முறையில் ஒரு தமிழ் விஞ்ஞானியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன். அவர் யார், என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஜி' கோபாலசமுத்திரத்தைக் குறிக்கிறது. அப்பா கணிதப் பேராசிரியர். அதனால் சின்ன வயசிலேயே கணக்கு அவருக்கு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்தது மின் பொறியியல். ஆனால் அங்கே இருந்த சர் சி.வி.ராமன் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் முனைவர் பட்டம் வாங்கி, 1949-ல் நாடு திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை!

சென்னையில் நடந்த சாதனை

நம்ம தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவம் என்ன என்பது அப்போது உலகத்துக்கே புதிர். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு கொலாஜனை வாங்கி எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தார் ராமச்சந்திரன். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் வடிவம் அது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955-ல் வெளியிட்டார்.

1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டதுதான் புகழ்பெற்ற 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதம் எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று சொல்லும் இந்த வரைபடம் உலகம் முழுவதும் உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

ஸ்கேனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

சிடி ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது? உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு கோணத்திலும் கிடைப்பது ஒரு நிழல் மட்டும்தான். இந்த நூற்றுக்கணக்கான நிழல்களைச் சேர்த்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு வரைய வேண்டும்.

நிழல்களை வந்த வழியே திருப்பி அனுப்பி அப்படியே கூட்டினால் படம் வரும்தான். ஆனால் மூடுபனியில் எரியும் தெருவிளக்கு மாதிரி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கலான ஒளிவட்டம் இருக்கும். இதைச் சரிசெய்ய 'ஃபூரியே மாற்றம்' என்ற பெரிய கணக்கு தேவைப்பட்டது. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய சுமை.

ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு சுருக்கு வழியைச் சொன்னார்கள். நிழல்களைக் கூட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு அளவிலிருந்தும் பக்கத்து அளவுகளின் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒளிவட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். படம் கூர்மையாக வரும், கணக்கும் சீக்கிரம் முடியும்.

ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவர் 1967-லேயே இதே மாதிரி வழியைச் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் மருத்துவப் படங்களைப் பொறுத்தவரை, இந்த வடிகட்டிக்கு 'ராம்-லாக்' என்று இந்த இருவரின் பெயரே நிலைத்துவிட்டது. அதே 1971-ல்தான் லண்டனில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது.

இரண்டு ஸ்கேன் சேர்ந்தால் ஏன் சிக்கல்?

1998-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பெட்-சிடியின் முதல் மாதிரி இயங்கத் தொடங்கியது. உறுப்பு எங்கே இருக்கிறது என்று சிடி காட்டும். எந்த இடத்தில் செல்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுகின்றன என்று பெட் காட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும்.

காஞ்சிபுரம் நெசவாளர்களுக்கு இது எளிதில் புரியும். புடவையின் உடலும் கரையும் தனித்தனித் தறிநாடாவில் ஓடினாலும், கோர்வை ஒரு இழை பிசகினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கேயும் அதே கதைதான்.

சிடி சில நொடிகளில் முடிந்துவிடும். பெட்டுக்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் நோயாளி பலமுறை மூச்சு விட்டிருப்பார். அதனால் கல்லீரலின் மேற்பகுதியில் இருக்கும் கட்டி, நுரையீரலின் அடியில் இருப்பது போலத் தெரியலாம். உடம்புக்குள் எவ்வளவு கதிர் வழியிலேயே குறைந்தது என்று திருத்துவதும் சிடி படத்தை வைத்துத்தான். எனவே பல்லில் அடைத்த உலோகமோ, எலும்பில் வைத்த பிளேட்டோ சிடியைக் குழப்பினால், பெட் படத்திலும் இல்லாத வெளிச்சம் தெரியக்கூடும்.

இதனால்தான் மூச்சின் தாளத்தோடு சேர்த்துப் படமெடுப்பது, உலோகத்தின் பாதிப்பைக் குறைப்பது என்று புதிய முறைகள் வந்தன. படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கணக்கிடும் முறைகள்தான் இன்று பெட் ஸ்கேனில் அதிகம். ராம்-லாக் வழி அடிப்படைப் பாடமாகத் தொடர்கிறது.

நோபல் யாருக்குப் போனது?

சிடி ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்ட், கோர்மாக் ஆகியோருக்குக் கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு கடைசி வரை கிடைக்கவில்லை. 1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் ஏவால்ட் பரிசு ஆகியவை அவர் பெற்ற பெருமைகள்.

1970-களில் பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கி வளர்த்தவரும் அவரே. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை முடக்கியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் ராமச்சந்திரன் மறைந்தார்.

ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா?

உடம்பில் உலோகம் ஏதாவது வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பெட் படம் மாறும். டெக்னீஷியன் அசையாமல், சீராக மூச்சு விடச் சொன்னால் அதைச் சடங்காக நினைக்க வேண்டாம். கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்ட, மெஷினின் கணக்கு பாதி, உங்கள் ஒத்துழைப்பு மீதி.