ஒரு ஏட்டுக்காக ஊர் ஊராக... அரியலூர், குன்னம் வளர்த்த உ.வே.சா!

போனில் பேரைத் தட்டினா புத்தகம் பி.டி.எஃப்-ஆக வந்து விழுற காலம் இது. 150 வருஷத்துக்கு முன்னாடி குன்னத்தில் இருந்த ஒரு பையனுக்கு அது நடக்கிற காரியமா? ஒரு நூலைப் படிக்கணும்னா, ஏடு யார் வீட்டில் இருக்கு, பாடம் சொல்ல யார் இருக்காங்கன்னு தேடி அலையணும். அப்படி அலைந்த பையன்தான் உ.வே.சாமிநாதையர்.

'தமிழ்த் தாத்தா' என்றதும் கும்பகோணமும் சென்னையும்தான் ஞாபகம் வரும். ஆனால், 1855 பிப்ரவரி 19-ல் பிறந்த அவருடைய பால்யத்தில் பெரும்பகுதி இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில்தான் கழிந்தது. காரணம், அப்பாவின் தொழில்.

அப்பா வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீன் வித்வான் கனம் கிருஷ்ணையரிடம் குருகுலமாக இருந்து பாட்டு கற்றவர். ஊர் ஊராகப் போய் ராமாயணம் பாடிக் கதை சொல்வார். மக்கள் கொடுக்கிற பணமும் தானியமும்தான் வருமானம். எந்த ஊர் ஆதரிக்குதோ, அங்கே குடும்பம் குடிபோகும்.

மகனும் சங்கீதக்காரனாகணும்னு அப்பாவுக்கு ஆசை. மகன் மனசோ தமிழில் சிக்கிக்கிச்சு. அரியலூர் சடகோபையங்கார் அந்த ருசியைக் காட்டினார். குன்னம் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற்புராணம் படித்தார். பெரம்பலூர் பக்கம் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கற்றார். ஒவ்வொருத்தரும் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, அடுத்த வாசலைக் காட்டினாங்க. கடைசியில் 1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார்.

எரிந்த ஏடுகள்

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. அங்கே முன்சீப்பாக வந்த சேலம் ராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். அப்படி ஒரு நூலை உ.வே.சா அதுவரை பார்த்ததுகூட இல்லை!

அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல், வாழ்நாள் முழுக்க ஓயலை. கரையான் தின்ற ஏடுகள், தொட்டாலே ஒடியும் ஏடுகள் எல்லாம் பார்த்தார். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஏற்கெனவே ஹோமத் தீயில் போட்டுட்டாங்க. தாமதமானால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர் அவர். சிந்தாமணி 1887-ல் அச்சானது. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என அடுத்தடுத்து வந்தன.

பாடியவர்களையும் சேமித்தார்

பலருக்குத் தெரியாத பக்கம் இது. ஏட்டையாவது பரணில் தேடலாம். பாடகர் இறந்துட்டா? அப்பாவின் குரு கனம் கிருஷ்ணையர் பாடிய காலத்தில் ஒலிப்பதிவே கிடையாது. அவரைப் பற்றிய கதைகள் அப்பா மாதிரி சீடர்களின் நினைவில்தான் இருந்தன. கேட்டதையெல்லாம் மறக்காமல் வைத்திருந்த உ.வே.சா, 80 வயதைத் தாண்டிய பிறகு 1936-ல் அதைப் புத்தகமாக்கினார். கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் வாழ்க்கையையும் எழுதினார்.

தன் கதையை 1940-லிருந்து 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதினார். அது முடியும் முன்பே, 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் திரட்டிய ஏடுகள் இன்று சென்னை பெசன்ட் நகரில், அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன.

உங்க ஊரில் உடுக்கை அடித்துக் கதை பாடுற பெரியவர் இருக்காரா? அடுத்த தடவை போறப்ப போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. பேர், ஊர், தேதியையும் மறக்காம குறிச்சு வைங்க. உ.வே.சா-வுக்குக் கிடைக்காத வசதி, நம்ம சட்டைப் பையிலேயே இருக்கு!