தொட்டிலருகே எழுதியவர்

ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையார் 1811இல் அமெரிக்காவில் பிறந்தார். ஏழு மக்களைப் பெற்றார். 1849இல் சின்சினாட்டியில் பரவிய காலரா அவருடைய ஒன்றரை வயது மகனைக் கொண்டுபோயிற்று. சேயை விலைக்கு விற்கக் கண்ட அடிமைத்தாயின் துயரை அவ்விழப்பே அவருக்கு உணர்த்தியது. மறு ஆண்டு, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் கொடுஞ்சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில், பிரன்ஸ்விக் என்னும் சிற்றூரில், கடைசி மகன் பிறந்தான். கைக்குழந்தை உடனுறங்கிய இரவுகளில் எழுத்து ஓடவில்லை.

1851 ஜூனில் 'டாம் மாமாவின் குடிசை' வார இதழொன்றில் தொடராக வரலாயிற்று. சமையலறை மேசையில் எழுதினார். வீட்டில் ஆரவாரம் மிகுந்தால், பேராசிரியரான கணவரின் கல்லூரி அறையை நாடினார். சில வாரங்கள் தவணை தவறியதுமுண்டு. தவறாத தொடராசிரியர் நம்மில் எவர்! 1852 மார்ச்சில் அது நூலாக வெளிவந்தபோது, அந்தக் கடைக்குட்டிக்கு இரண்டு வயது நிறையவில்லை.