விடுதியில் இடம் தராத பல்கலைக்கழகமும் ஒரு கண் மருந்தும்!

கிளாக்கோமா தெரியும்ல? கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, சத்தமே இல்லாம பார்வையைப் பறிக்கிற நோய். அந்த அழுத்தத்தைக் குறைக்கிற பைசோஸ்டிக்மின் மருந்து 19-ம் நூற்றாண்டிலேயே வந்துடுச்சு. ஆனா, மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரை விதையிலிருந்துதான் அதை எடுக்கணும். (அந்த விதை விஷம்ங்கிறது தனிக்கதை!)

ஆய்வகத்துலேயே அதைச் செஞ்சு காட்டினவர் பெர்சி ஜூலியன். 1899-ல அமெரிக்காவின் அலபாமாவுல பிறந்த கறுப்பினத்தவர். தாத்தா அடிமையா இருந்தவர். இண்டியானாவின் டிபா பல்கலைக்கழகத்துல சேர்ந்தப்போ விடுதியில இடம் கிடையாது. வெள்ளை மாணவர்கள் தங்கியிருந்த வீட்ல கணப்பு உலைக்குத் தீ மூட்டி, சாப்பாடு பரிமாறி, பரண்ல தூங்கித்தான் படிச்சார். 1920-ல முதல் மாணவர் அவர்தான்! வியன்னாவுல முனைவர் பட்டம் வாங்கிட்டு, பிறகு அதே டிபாவுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார்.

இங்கேதான் கதை சூடாகுது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சனும் இதே மருந்தைத் துரத்திட்டு இருந்தார். பின்னாடி நோபல் வாங்கின பெரிய தலை. மருந்துக்கு முந்தைய படியில வர்ற பொருளைச் செஞ்சாச்சுன்னு அவர் அறிவிச்சார். ஆனா ஜூலியனும் வியன்னா நண்பர் ஜோசப் பிக்லும் செஞ்ச பொருளோட உருகுநிலை வேற! ராபின்சன்தான் தப்புன்னு ஜூலியன் அச்சிலேயே எழுதிட்டார். யோசிச்சுப் பாருங்க, கணக்கு பிசகியிருந்தா கரியரே காலி. விதையிலிருந்து கிடைச்ச பொருளோட ஒப்பிட்டாங்க. உருகுநிலை பொருந்திடுச்சு. 1935-ல பைசோஸ்டிக்மினை முழுசா செயற்கையா செய்யுற வழி கையில இருந்தது.

அதுக்கப்புறமும் டிபா அவரைப் பேராசிரியர் ஆக்கலை. காரணம், நிறம். சிகாகோவுல ஒரு பெயின்ட் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். 1975-ல இறந்தார். டிபா தன் அறிவியல் கட்டடத்துக்கு அவர் பேரை வெச்சது 1980-ல.