பருத்தியால் உயர்ந்தவர், பங்குகளால் வீழ்ந்தவர்: பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பைப் பல்கலைக் கழக வளாகத்தில் 280 அடி உயரம் ஓங்கி நிற்கும் இராஜாபாய் மணிக்கூண்டை நம் குடும்பத்தார் பலர் கண்டிருப்பர். அது ஒரு ஜைன அன்னையின் பெயரைத் தாங்கியது என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வன்னையின் மகன் பிரேம்சந்த் ராய்சந்த். அவர் குஜராத்திச் சுவேதாம்பரர், நாம் திகம்பரர். ஆயினும் உலக வாணிகம் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மனிதரை எவ்வாறு ஆட்டிப் படைக்கும் என்பதற்கு அவர் வாழ்வினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

1831-ஆம் ஆண்டு சூரத்தில் பிறந்த பிரேம்சந்த் இளமையிலேயே பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் நன்கு கற்றார். அந்நாளில் நம் நாட்டுத் தரகர்களுள் ஆங்கிலம் வல்லவர் அரியர். ஆதலின் ஐரோப்பிய வணிகரும் வங்கியாளரும் அவரை நாடினர்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதியின் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பருத்தி வராமையால் இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் நின்றன; தொழிலாளர் பட்டினி கிடந்தனர். இழை குட்டையென்று அதுவரை ஒதுக்கப்பட்ட இந்தியப் பருத்திக்கு ஒரே நாளில் வந்ததுபோல் மதிப்பு வந்தது. விலை பன்மடங்கு ஏறிற்று. நான்காண்டுகளில் பம்பாய்க்கு வழக்கத்திற்கு மேல் வந்த பணம் 7 முதல் 8 கோடி பவுன் வரை இருக்கும் எனக் கணக்கிடுவர். லிவர்பூல் விலையைப் பிறருக்கு முன் அறியப் பிரேம்சந்த் படகுகளைக் கடலுக்குள் அனுப்பி, கப்பல் கரை சேருமுன்பே செய்தி பெற்றுவந்தார் என்பர்.

அவ்வளவு பணமும் நிலத்திலும் தொழிலிலும் தங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தங்கவில்லை. நாள்தோறும் புதிய வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பேக் பே கம்பெனியின் பங்குகள் கட்டிய தொகையைப் போல் பல மடங்கு விலைக்குக் கைமாறின. கையில் பொருளின்றி, பின்னொரு நாளில் தீர்ப்பதாகச் சொல்லி வாங்கும் வாயிதா வியாபாரம் பெருகிற்று. யாருக்குப் பங்கு, யாருக்குக் கடன் என்பதெல்லாம் பிரேம்சந்தின் சொல்லால் முடிவாயின. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நன்கறிந்த குலத்தில் தோன்றியவர் அந்த வெறியின் நடுநாயகமாக விளங்கினார் என்பதை மறைத்து எழுதுவது முறையன்று.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. பெரும்பாலான வாயிதாக்கள் தீர வேண்டிய நாள் ஜூலை 1. அன்று கொடுக்க வேண்டியவர்களிடம் பணமில்லை. 2,850 ரூபாய் விற்ற பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. அவ்வங்கியே சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அதனை ஆராய்ந்த அரசுக் குழு, தக்க ஈடின்றிக் கடன்கள் வழங்கப்பட்டதையும் அதில் பிரேம்சந்தின் செல்வாக்கையும் எடுத்துக் காட்டிற்று. அவருடைய செல்வம் கரைந்தது. அவரை நம்பிய எத்தனையோ சிறு குடும்பங்களின் சேமிப்பும் உடன் கரைந்தது. முன்னதைப் பலர் எழுதியுள்ளனர். பின்னதை எழுதியவர் குறைவு.

செல்வம் பெருகியிருந்த 1864-இலேயே பம்பாய்ப் பல்கலைக் கழகத்திற்கு நூலகம் அமைக்க 2 லட்சம் ரூபாய் வழங்கியிருந்தார். தாயார் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் 2 லட்சம் அளித்தார். வீழ்ச்சிக்கு மறு ஆண்டாகிய 1866-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற்கும் 2 லட்சம் ஈந்தார். அந்நன்கொடையால் ஏற்பட்ட உதவித் தொகையைப் பெற்றவர்களுள் ஆசுதோஷ் முகர்ஜியும் ஒருவர். ஆசிரியப் பணியில் இருந்தவளாதலின் இச்செய்தியில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

பின்னர் அவர் ஆரவாரமின்றி மீண்டும் தரகுத் தொழிலே செய்தார். 1875-இல் பம்பாய்த் தரகர்கள் சங்கம் அமைத்தபோது அதனை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அதுவே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. 2008-இல் அமெரிக்க வங்கிகள் ஆட்டங்கண்டபோது அச்சந்தையும் சரிந்தது. தொலைவில் நிகழ்வது இங்கே உலுக்குவது அதற்குப் புதிதன்று.

மணிக்கூண்டு 1878 நவம்பரில் நிறைவுற்றது. இராஜாபாய் அம்மையார் பார்வை இழந்தவர் என்றும், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நோன்பினர் என்றும், மணியோசை கேட்டே நேரமறிந்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். பிரேம்சந்த் 1906-இல் காலமானார்.