பிள்ளைகளிடம் பாடம் கேட்ட வைத்தியர்

கல்வி ஆய்வு என்றதும் தடித்த நூல்களும் புள்ளிவிபர அட்டவணைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நூல்களுக்கும், வகுப்பறையில் பிள்ளைகளோடு அன்றாடம் போராடும் ஆசிரியருக்கும் இடையே பெருந்தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடந்து காட்டியவர்களுள் ஒருவர் மரியா மொண்டிசோரி அம்மையார்.

இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஓகஸ்ட் 31ஆம் நாள் பிறந்த அவர், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பெண்கள் வைத்தியம் கற்பது அரிதாயிருந்த காலம் அது. பின்னர் மனநோய்ச் சிகிச்சை நிலையமொன்றில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என முத்திரை குத்தப்பட்ட சிறுவர்கள் அந்நாளில் மனநோயாளருடனேயே அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அச்சிறுவர்கள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவற்காரிக்கு அது வெறும் தீனி ஆசையாகத் தெரிந்தது. மொண்டிசோரியோ அறையைச் சுற்றிப் பார்த்தார். கையிலெடுத்து அளைவதற்கு அங்கே வேறொரு பொருளும் இல்லை. அவர்களுடைய கைகளும் அறிவும் பட்டினி கிடப்பதை அவர் கண்டுகொண்டார்.

இத்தகைய சிறுவருக்குக் கற்பித்த பிரெஞ்சு அறிஞர்களான இட்டார், செகென் ஆகியோரின் நூல்களைத் தம் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிக் கற்றார். 1900இல் அவ்வகைப் பாடசாலையொன்றின் இணை இயக்குநரானார். அவரிடம் கற்ற சிறுவருட் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையிலேயே சித்தியடைந்தனர். ஊர் மெச்சியது. அவரை வேறொரு கேள்வி வாட்டியது. குறையுள்ளோர் எனப்பட்டவர்கள் இவ்வளவு கற்க முடியுமானால், குறையில்லாப் பிள்ளைகள் பாடசாலைகளில் அவர்களுக்குச் சமமாகவே நிற்பது ஏன்? பிழை பிள்ளையிலா, கற்பித்தலிலா?

விடை தேடும் வாய்ப்பு 1907 ஜனவரி 6ஆம் நாள் கிட்டியது. ரோமின் சான் லொறென்சோ என்னும் வறிய தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்காக ஓர் அறை திறக்கப்பட்டது. அங்கே அவர் போதித்ததிலும் கவனித்ததே அதிகம். மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி மர உருளைகளை உரிய குழிகளில் இடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் பாட்டும் ஆட்டமும் நடந்தபோதும் அவள் கவனம் கலையவில்லை. அச்சிறுமி அப்பயிற்சியை 44 தடவை செய்ததை மொண்டிசோரி எண்ணிக் குறித்தார். ஒருநாள் அலுமாரி பூட்டப்படாதிருக்க, பிள்ளைகள் தாமே பொருள்களை எடுத்து வேலை செய்யத் தொடங்கினர். அன்றுமுதல் பூட்டிய அலுமாரிக்குப் பதிலாகக் கைக்கெட்டும் தட்டுகள் வந்தன. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய குழந்தைகள், வாசிக்குமுன்பே எழுதத் தொடங்கினர். கண்டதைக் குறித்து, குறித்ததற்கேற்ப வகுப்பறையை மாற்றி, மீண்டும் கவனித்தார். அவருடைய ஆய்வு என்பது இதுவே.

அவர் வாழ்வு மாசற்றதன்று. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகன் மரியோவைப் பல ஆண்டுகள் பிறர் வளர்க்க விட்டார். 1920களில் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றார். எனினும் அவ்வரசுடன் முரண்பட்டு 1934இல் தாய்நாட்டைவிட்டு வெளியேறினார். பார்சலோனாவில் தங்கியவரை 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் துரத்தியது. இங்கிலாந்து சென்று, பின்னர் நெதர்லாந்தில் ஒதுங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்து, முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியளித்தார். 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைமுகாமுக்கு அனுப்பி, தாயை அடையாறு வளவுக்குள் முடக்கியது. எழுபதாவது பிறந்த நாளில்தான் மகன் திரும்பக் கிடைத்தார். சில மாதங்களுக்கென வந்தவர், 1946 வரை இந்தியாவிலிருந்து கற்பித்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார்.

அவரது முறையை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1914இலேயே அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் அதைக் கடுமையாக விமர்சித்தார். நீண்ட காலத்தின் பின், 2006இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் நடந்த ஆய்வொன்று வெளியானது. மொண்டிசோரிப் பாடசாலையில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பிள்ளைகளும் இடம் கிடைக்காத பிள்ளைகளும் அதில் ஒப்பிடப்பட்டனர். இடம் கிடைத்தவர்களுள் ஐந்து வயதினர் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னின்றனர். ஒரேயொரு பாடசாலையை வைத்துச் செய்யப்பட்ட அச்சிறு ஆய்வை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் கேள்வி இன்னும் உயிரோடுள்ளது என்பதற்கு அது சான்று.

அக்கேள்வி நமக்கும் உரியது. அந்நிய மொழி வகுப்பறையில் வாய்திறவாதிருக்கும் நம் பிள்ளையை மந்தமானவன் என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் பாடம் ஒப்புவிக்கத் தயங்கும் சிறுமியை நாமே அதட்டிவிடுவதும் எளிது. விலைகூடிய உபகரணங்கள் இல்லாவிடினும், ஒரு குறிப்பேடும் பத்து நிமிடப் பொறுமையும் எந்த ஆசிரியருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இயலும். பிள்ளை எதில் கை வைக்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது, எதை மீண்டும் மீண்டும் செய்கிறது என்று குறித்துப் பார்ப்போம். பிழை பிள்ளையில் என்று தீர்ப்பெழுதுமுன் நாம் செய்ய வேண்டிய கடமை இது.